கடாரத்தின் நீர்க்கணக்கு

கெடா என்ற பெயரைக் கேட்ட அளவிலே தமிழர் பலருக்கு நெஞ்சு நிமிர்கிறது. 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வந்து கடாரத்தை வென்றது என்பதும், கடாரங் கொண்டான் என்னும் விருதுப் பெயரை அவன் பூண்டான் என்பதும் மேடைதோறும் முழங்கப்படும் செய்திகள். பூஜாங் பள்ளத்தாக்கிலே காணப்படும் பழங்கட்டடங்களின் அடித்தளங்களும் நமது பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. பழம்பெருமை பேசுவதில் நமக்கு நிகர் நாமே! ஆனால் அதே இராசேந்திரன், தான் புதிதாக அமைத்த கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான் என்பதை நினைப்பவர் எத்தனை பேர்? வாளால் வென்ற கடாரம் அவன் மரபினர் கையில் நிலைக்கவில்லை. வெட்டிய ஏரியும், பேணுவார் இன்றிப் பிற்காலத்தில் தூர்ந்துபோயிற்று. வெற்றியைப் பாடுவதற்குப் புலவர் இருந்தனர்; ஏரியைக் காப்பதற்கு ஆள் இல்லை. நம்முடைய குறை இதுவே.

ஆகவே, கடாரத்தின் போர்க்கதையை ஒருபுறம் ஒதுக்கி வைத்து, அதன் நீர்க்கதையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம். நெல் விளையும் வடகெடாவும், பால்மரமும் செம்பனையும் வளரும் தென்கெடாவும், கடலுக்கு அப்பாலுள்ள பினாங்கும் இக்கதையிலே பிணைந்து கிடக்கின்றன. நம் தோட்டத்துத் தமிழருக்கும் இதிலே ஒரு பங்கு உண்டு. அப்பங்கு ஒருவரும் அறியாத பங்கு, அழிந்துகொண்டிருக்கும் பங்கு.

மழைமானியும் கிராணியும்

நான் ஒரு தோட்டக் கிராணி. ஆங்கில வழியிற் கல்வி பயின்றவன். பள்ளியிலே தேம்சு ஆற்றையும் நைல் ஆற்றையும் பற்றி மனப்பாடம் செய்தேன். எங்கள் தோட்டத்து ஓடை எந்த ஆற்றிலே கலக்கிறது என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல்நாட் காலையில், ஓய்வு பெறுந் தறுவாயில் இருந்த பெரிய கிராணியார் என்னைக் காரியாலயத்தின் முன்புள்ள புல்வெளிக்கு அழைத்துச் சென்றார். வேலியிட்ட சிறு சதுரத்தின் நடுவே செம்புப் புனல் பொருத்திய மழைமானி ஒன்று நின்றது. “தம்பி, செக்ரோலில் பிழை வந்தால் அடுத்த மாதம் திருத்திக்கொள்ளலாம். இதிலே பிழை வந்தால் திருத்தவே முடியாது. நேற்றுப் பெய்த மழை நாளைக்குத் திரும்பிப் பெய்யாது,” என்றார் அவர். அன்று நான் அதனை ஒரு முதியவரின் வேடிக்கைப் பேச்சாகவே கொண்டேன்.

தோட்டங்களிலே மழைமானி வைக்கப்பட்டது அறிவு வளர்ச்சிக்காக அன்று. விடியற்காலையில் மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டிலே வழிந்து வீணாகும். கோப்பையிலே நீர் கலந்துவிடும். ஆதலால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் அன்றைக் கூலியும் இல்லை என்பதுதான் நெடுங்காலம் தோட்டத்து வழக்கம். பிரட்டுக்களத்திலே வாளியோடும் உளியோடும் வந்து நின்று, வானத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு லயத்திற்குத் திரும்பிய மக்களின் பசிநாட்களெல்லாம் அந்த மழைப் புத்தகத்திலே அங்குலக் கணக்காகப் பதிந்து கிடக்கின்றன. முதலாளி தன் இலாபத்தின் பொருட்டு எழுதச் செய்தான்; கிராணி தன் சம்பளத்தின் பொருட்டு எழுதினான். எனினும் எழுதப்பட்டது உண்மை. அவ்வுண்மை இன்று எழுதியவர், எழுதச் செய்தவர் ஆகிய இருவருடைய நோக்கத்தையும் கடந்து பயன்படுவதாயிற்று.

மழையை அளக்கும் வழக்கம் புதியதன்று. களஞ்சியத்தின் முன்னே மழை அளக்கும் கலம் ஒன்று வைக்கவேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. கொரியா நாட்டிலே சேசோங் மன்னன் காலத்தில், 1441-ஆம் ஆண்டளவில், மழைமானி செய்யப்பட்டு ஊர்தோறும் அனுப்பப்பட்டது. இங்கிலாந்திலே சைமன்சு என்பவர் 1860-ஆம் ஆண்டு முதல் நாடெங்குமுள்ள தொண்டர்களைக் கொண்டு மழைக்கணக்கைத் திரட்டினார்; பாதிரிமாரும் பள்ளியாசிரியரும் தத்தம் தோட்டத்திலே மழையளந்து அவருக்கு எழுதியனுப்பினர். நம் உழவரோ, ‘ஓர் உழவு மழை’ என்று, ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்ததைக் கொண்டு மழையை மதிப்பிட்டனர். அதுவும் அளவைதான். ஆனால் அதனை எழுதி வைத்தாரில்லை. எழுதாத அளவை அளந்தவனோடு மாய்ந்துபோகும்.

நேர்கோட்டு வாய்க்கால்

இனி, தோட்டத்தை விட்டு வடக்கே நெல்வயல்களுக்குச் செல்வோம். கெடாவின் நீராட்சி வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

அலோர் ஸ்டாரிலிருந்து தெற்கே ஜெராய் மலையடிவாரத்திலுள்ள குருண் நோக்கிச் செல்லும் ஒரு வாய்க்கால் உண்டு. சுமார் 35 கிலோமீட்டர் நீளமுள்ள அது, கோல் வைத்துக் கீறினாற்போல் நேராகச் செல்வதைக் காணலாம். 1885-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, ஏறக்குறையப் பத்தாண்டு உழைப்பில் முடிந்தது அவ்வேலை. அதனை முன்னின்று செய்வித்தவர் சுல்தான் அப்துல் ஹமீதின் முதல் மந்திரியாக விளங்கிய வான் முகமது சமான். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. இரவிலே வரிசையாகத் தீப்பந்தங்களை ஏற்றிவைத்து, அவ்வொளியைக் குறியாகக் கொண்டு நேர்கோடு பிடித்தனர் என்று கெடா மக்கள் இன்றும் சொல்வர். அக்காலத்திலே கெடா ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருக்கவில்லை; 1909-ஆம் ஆண்டின் ஆங்கில-சயாமிய உடன்படிக்கைக்குப் பின்னரே அந்நிலை வந்தது. நீர்ப்பணி என்பது வெள்ளையர் கற்பித்த வித்தை என்று எண்ணுவோர் இவ்வாய்க்காலை ஒருமுறை சென்று காண்க.

சதுப்பு நிலத்தின் நீரை வடித்து வயலாக்கிய பெருஞ்செயல் இது. ஆயினும் வாய்க்கால் நீரைக் கொண்டு செல்லுமேயன்றி, நீரைச் சேர்த்து வைக்காது. வடகெடாவில் ஆண்டின் தொடக்கத்து மாதங்கள் வறண்டவை. வடகிழக்குப் பருவக்காற்றுக் கிழக்குக் கரையிலே மழையைக் கொட்டிவிட்டு, நடுமலைத் தொடரைக் கடந்து வெறுங்கையோடு வருகிறது. சித்திரை, வைகாசியில் ஒருமுறையும், புரட்டாசி முதல் கார்த்திகை வரையில் மறுமுறையும் மழை மிகும். ஆகவே ஆண்டுக்கு ஒருபோகம் என்பதே கெடா உழவரின் நிலையாயிற்று. இரண்டாம் போகம் வேண்டுமாயின் மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்தல் வேண்டும்.

இரண்டு தேக்கமும் ஒரு சுரங்கமும்

நாடு விடுதலை பெற்றபின் அக்கனவு உருவாயிற்று. 1965-ஆம் ஆண்டில் உலக வங்கி 4.5 கோடி அமெரிக்க டாலர் கடன் வழங்கிற்று. மூடா அணையும் பெடு அணையும் 1969-இல் எழுந்தன. 1970-இல் மாடா என்று சுருக்கமாக வழங்கும் மூடா வேளாண்மை வளர்ச்சி வாரியம் அமைந்தது. சுமார் 96,000 ஹெக்டேர் வயல் இருபோக நிலமாயிற்று. பின்னர், 1980-களின் இறுதியில், அனிங் அணையும் அவற்றோடு சேர்ந்தது.

இவ்வமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. அதனை வாசகர்கள் அறிதல் நன்று. மூடா அணையின் மேலே மழைநீரைத் திரட்டித் தரும் நிலப்பரப்பு 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அவ்வணை தாங்கும் நீரோ சுமார் 16 கோடி கன மீட்டரே. அப்பரப்பு முழுவதிலிருந்தும் 163 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் ஓடி வந்தாலே அணை நிரம்பிவிடும். பெடு அணையின் நிலை இதற்கு நேர்மாறானது. அது 100 கோடி கன மீட்டருக்கு மேல் கொள்ளும்; அதன் நீர்வரத்துப் பரப்போ 171 சதுர கிலோமீட்டரே. அது தன் நிலத்து நீரால் மட்டும் நிரம்பவேண்டுமாயின், ஏறக்குறைய ஆறு மீட்டர் உயரத்துக்கு அங்கிருந்து நீர் ஓடிவர வேண்டும். ஆண்டிலே பெய்யும் மழை இரண்டு மீட்டர் அளவினது. அதிலும் ஒரு பெரும்பங்கை மரஞ்செடிகளும் வெயிலும் குடித்துவிடும். எனவே பெடு அணை தனியே நின்றால் பல்லாண்டு காத்திருந்தாலன்றி நிரம்பாது. வரவு மிகுந்து பெட்டி சிறுத்தவன் ஒருவன். பெட்டி பெருத்து வரவு குறைந்தவன் மற்றொருவன். இவ்விருவரையும் கூட்டு வாணிகத்திலே சேர்த்தாற்போல, மலையைக் குடைந்து, ஆறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கம் ஒன்றால் இரண்டு தேக்கங்களையும் இணைத்தனர். மூடாவின் மிகுநீர் பெடுவிலே சென்று தங்குகிறது.

இவ்வளவுகளைச் சோதிடர் சொல்லவில்லை. வருண செபத்தால் அறியப்பட்டனவும் அல்ல. பல்லாண்டு மழைக்கணக்கும் ஆற்றுக்கணக்கும் இல்லையேல், எந்த அணையை எவ்வளவு உயர்த்துவது, எங்கே சுரங்கம் குடைவது என்று எவரும் துணிந்திருக்க முடியாது.

அணை வந்ததால் எல்லாக் குறையும் தீர்ந்ததா? இல்லை. அணையிலே திறந்த நீர் வயலை அடைய நாட்கள் பிடிக்கும். இடையிலே மழை பெய்துவிட்டால் திறந்த நீர் கடலுக்குப் போகும். பெய்யும் என்று நம்பித் திறவாமல் இருந்தாலோ பயிர் காயும். வயலுக்கு வேண்டிய நீரில் பாதிக்கு மேற்பட்டதை இன்றும் நேரே பெய்யும் மழைதான் தருகிறது. 1978-ஆம் ஆண்டில், அணை கட்டிப் பத்தாண்டும் நிறையாத நிலையில், வறட்சியின் காரணமாகப் பாசனப் போகம் ஒன்று முழுவதுமாகக் கைவிடப்பட்டது. அடுத்து, இருபோகத்தால் வந்த வருவாயும் எல்லோர் கையிலும் ஒப்பத் தங்கவில்லை. 1978 முதல் 1980 வரையில் மூடாப் பகுதிக் கிற்றூர் ஒன்றிலே தங்கி ஆராய்ந்த சேம்சு சுகாட் என்னும் அமெரிக்க அறிஞர், அறுவடை இயந்திரங்கள் வந்தபின் ஏழைகளின் அறுவடைக் கூலி எவ்வாறு பறிபோயிற்று என்பதை 1985-இல் வெளிவந்த தம் நூலிலே விரிவாகக் காட்டினார். நீரைச் சேர்ப்பது ஒரு கலை. சேர்த்த நீரின் பயனைப் பங்கிடுவது வேறொரு கலை. முன்னதிலே தேறியவர் பின்னதிலும் தேறுவர் என்று கொள்ளுதல் தவறு.

நீரின் செக்ரோல்

இக்காலத்து நீரியல் அறிஞர்கள் ‘மாதிரி’ என்று ஒன்றைக் கூறுகின்றனர். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. கிராணி வேலை தெரிந்தவர்க்கு அது எளிதில் விளங்கும். வரவு, செலவு, இருப்பு என்னும் மூன்றே அதன் அடிப்படை. மழை வரவு. இலையும் மண்ணும் ஆவியாக விடுவது ஒரு செலவு. ஆற்றிலே ஓடுவது மற்றொரு செலவு. மண்ணின் ஈரமும், நிலத்தடி ஊற்றும், தேக்கத்து நீரும் இருப்பு. நாள்தோறும் இக்கணக்கை எழுதி, இன்ன மழைக்கு ஆற்றிலே இன்ன அளவு நீர் இன்ன நாளில் வரும் என்று சொல்வதே அவ்வித்தை.

சுகவாரா என்னும் சப்பானிய அறிஞர் இதனை மிக அழகாக அமைத்துக் காட்டினார். துளையிட்ட தொட்டிகள் சிலவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாற்போல் ஒரு மலைச்சாரலை அவர் கருதினார். மேல் தொட்டியிலே மழை விழுகிறது. அதன் பக்கத்துளை வழியாக ஓடும் நீர் உடனே ஆற்றை அடையும் வெள்ளம். அடித்துளை வழியாக இறங்குவது கீழ்த்தொட்டிக்குச் செல்கிறது. அங்கிருந்து மெல்லக் கசிந்து, மழை நின்ற பின்னரும் ஆற்றை வற்றாமற் காக்கிறது. துளைகளின் அளவு யாது? அதனை எவரும் கண்ணாற் காண முடியாது. கடந்த ஆண்டுகளின் மழையை அத்தொட்டிகளிலே கணக்களவில் ஊற்றிப் பார்க்கின்றனர். அவ்வாண்டுகளில் ஆற்றிலே மெய்யாக ஓடிய நீரோடு ஒப்பிடுகின்றனர். இரண்டும் பொருந்தும் வரையில் துளைகளைத் திருத்துகின்றனர். பின்னர், திருத்தத்துக்குப் பயன்படுத்தாத வேறு ஆண்டுகளைக் கொண்டு சோதிக்கின்றனர். அச்சோதனையிலே தேறினால்தான் மாதிரிக்கு மதிப்பு.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்கும். ஒன்று, காட்டின் பயன். மூடா, பெடு, அனிங் ஆகிய மூன்று தேக்கங்களுக்கும் நீர் தருவது உலு மூடா என்னும் பெருங்காடு. அதன் பரப்பு 1,60,000 ஹெக்டேர் அளவினது. இலைச்சருகும் வேரும் நிறைந்த காட்டுமண் மழையைக் கீழ்த்தொட்டிக்கு அனுப்புகிறது. மரத்தை வெட்டி, மண்ணை இறுகச் செய்து, மலைச்சரிவிலே லாரிப்பாதை போட்டால், அடித்துளை அடைபட்டுப் பக்கத்துளை பெருக்கிறது. மழைநாளிலே சேற்று வெள்ளம். வெயில்நாளிலே வறண்ட மணல். வந்த சேறு தேக்கத்தின் அடியிலே படிந்து, பெட்டியையும் சிறிதாக்குகிறது. மற்றொன்று, மழைக்கணக்கின் பயன். வரவுப் பத்தியிலே பொய்யை எழுதினால் இருப்புப் பத்தியிலே மெய் வருமா? 984 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை என்பது 98 கோடி லிட்டர் நீராகும். மழைமானியை எட்டிப் பாராமலே, ‘நேற்று மழையில்லை’ என்று சோம்பலால் எழுதும் ஒரு கிராணியின் கைப்பிழை எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்க்க. பெரிய கிராணியாரின் சொல் வேடிக்கைப் பேச்சன்று என்பதை நான் உணர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

பழைய ஏடு பொய்க்குமோ?

நிற்க. அறிவுடையோர் ஒரு தடை எழுப்பலாம். “பருவநிலையே மாறிவருகிறதே, முன்னைய மழையைக் கொண்டு பின்னைய மழையை எவ்வாறு அறிவது? பழைய கணக்கால் இனிப் பயன் யாது?” என்பது அத்தடை. இது நியாயமான வினா. அணை கட்டிய பொறியாளர் அனைவரும், கடந்த ஐம்பதாண்டு எவ்வாறோ வரும் ஐம்பதாண்டும் அவ்வாறே என்ற நம்பிக்கையின் மேல்தான் அணை கட்டினர். அந்நம்பிக்கை இறந்துபட்டது என்று 2008-ஆம் ஆண்டில் மில்லி முதலிய அறிஞர் எழுவர், ‘சயன்சு’ என்னும் ஆராய்ச்சி இதழிலே அறிவித்தனர்.

காரணம் வெளிப்படை. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி ஏறக்குறைய 7 விழுக்காடு மிகும். ஆகவே பெய்யும்போது பேய்மழையாகப் பெய்யும். பெய்யாதபோது மண்ணின் ஈரத்தை முன்னினும் விரைவாக உறிஞ்சும். ஆண்டு மொத்தத்திலே பெரிய மாறுதல் இல்லாதிருக்கலாம். ஆனால் மழை வரும் நாளும் வரும் முறையும் மாறும். உழவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் ஆண்டு மொத்தத்தால் ஆவதென்ன? ஒருமாதச் சோற்றை ஒரேநாளில் உண்ண முடியுமா?

கண்ணெதிரே நிகழ்ந்தவற்றைக் காண்போம். எல் நினோ ஆண்டாகிய 1998-இல், ஏப்ரல் 9-ஆம் நாள், கெடாவை அடுத்த பெர்லிசின் சுப்பிங் என்னும் இடத்தில் வெப்பம் 40.1 பாகை செல்சியசை எட்டியது. 2016 ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெப்பத்தின் கொடுமையால் பள்ளிகள் மூடப்பட்டன. 2010 நவம்பரிலோ வெள்ளம் வடகெடாவை மூழ்கடித்தது. அலோர் ஸ்டார் விமான நிலையமே நீரில் நின்றது. குடிநீர் மாசுற்றமையால், வெள்ளத்தின் நடுவே நின்ற மக்களுக்கு அயல்மாநிலத்திலிருந்து குடிநீர் வரவழைக்க வேண்டியதாயிற்று. 2021 ஆகஸ்டு 18-இல் ஜெராய் மலைமேற் பெய்த பெருமழை, மரத்தையும் பாறையையும் உருட்டிவந்து யான் வட்டாரத்திலே உயிர்களைப் பலிகொண்டது. 2022 ஜூலை 4-இல் பாலிங்கை அடுத்த கூப்பாங்கிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. இவை ஒவ்வொன்றையும் பருவநிலை மாற்றத்தின் தலையிலே ஏற்றிவிடுதல் அறிவுடைமை ஆகாது. மலைச்சரிவின் நிலையும், எல் நினோவும், ஆற்றின் அடைப்பும் அவற்றிலே பங்கு கொண்டிருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லவேண்டுமாயின் பழைய கணக்கு வேண்டும்.

தடைக்கு விடை அதுவே. பழைய ஏடு வருங்காலத்தை அப்படியே சொல்லிவிடாது, உண்மை. ஆனால் பழைய ஏடு இல்லையேல், மாறிற்றா இல்லையா என்பதையே அறிய வழியில்லை. நாடி பார்க்கும் வைத்தியன் நோயாளியின் முன்னைய உடல்நிலையைக் கேட்பது, அவன் மாறவில்லை என்பதற்காக அன்று. மாறிய அளவை அறிவதற்காகவே. மலேசியாவின் நீராராய்ச்சிக் கழகமாகிய நாரிம் 2006-ஆம் ஆண்டில் தீபகற்பத்தின் வருங்கால ஆற்றுநீர் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. உலகளாவிய பருவநிலை மாதிரியின் பெருங்கட்டங்களைச் சிறு கட்டங்களாக நுணுக்கி, நம் ஆறுகளோடு பொருத்திய முயற்சி அது. அத்தகைய ஆய்வு எதுவாயினும், முதலில் கடந்தகால மழையோடு ஒத்துவந்தால்தான் வருங்காலத்தைப் பற்றி வாய்திறக்கலாம். கணிப்பொறி எத்துணைப் பெரிதாயினும், கிராணியின் ஏட்டுக்கு முன் அது தேர்வெழுதும் மாணாக்கனே.

எங்கள் தோட்டத்திலே நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். 2016-ஆம் ஆண்டுக் கோடையில் லயத்துக் கிணறு அடிமண் தெரிய வற்றிற்று. பெண்கள் குடத்தோடு லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றனர். “என் ஆயுளிலே இப்படி ஒரு காய்ச்சலைக் கண்டதில்லை,” என்றார் ஒரு முதியவர். “எழுபத்தேழிலே இதைவிடக் கொடுமை, அண்ணன் மறந்துவிட்டார்,” என்றார் இன்னொருவர். இருவரும் வழக்காடினர். தீர்த்துவைக்கலாம் என்று நான் பண்டகசாலைக்குள் சென்று பழைய மழைப் புத்தகங்களைத் தேடினேன். அறுபதுகளின் ஏடு இருந்தது. எண்பதுகளின் ஏடு இருந்தது. இடையிலே இருக்கவேண்டிய ஏடுகளைக் கறையான் தின்று, அட்டையை மட்டும் விட்டுவைத்திருந்தது. வழக்குத் தீரவில்லை. கிணறு ஆழப்படுத்தப்பட வேண்டுமா, அன்றி நூறாண்டுக்கு ஒருமுறை வரும் துன்பம் என்று பொறுத்திருப்பதா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கவில்லை.

ஓர் ஆறு, இரு வழக்கு

கணக்கு இல்லாத இடத்திலே வழக்கு வரும் என்பதற்குச் சிறிய சான்று எங்கள் கிணறு. பெரிய சான்று மூடா ஆறு. சுமார் 180 கிலோமீட்டர் ஓடும் இவ்வாற்றின் மேற்பகுதி நீரை மூடா அணை தடுத்து, சுரங்கத்தின் வழியே வடக்கு வயல்களுக்கு அனுப்பிவிடுகிறது. கீழ்ப்பகுதியோ தென்கெடாவின் ஊர்களையும் தொழிற்சாலைகளையும் தோட்டங்களையும் தாண்டி, கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலிற் கலக்கிறது. பினாங்கு மாநிலம் எடுக்கும் ஆற்றுநீரிலே சுமார் 80 விழுக்காடு இவ்வாற்றினதே. கீழ்ப்பகுதியின் குறையை ஈடு செய்வதற்காக 2004-இல் பெரிஸ் அணை கட்டி முடிக்கப்பட்டது.

காட்டை வெட்டாமல் காத்து நீரைத் தருவது நாங்கள், அதற்கு விலை வேண்டும் என்று கெடா ஆண்டுக்கு ஐந்து கோடி வெள்ளி கேட்டது. எல்லையாற்றின் எங்கள் கரையிலேதான் எடுக்கிறோம், விலை எதற்கு என்று பினாங்கு மறுத்தது. இருதரப்பிலும் நியாயத்தின் ஒரு கூறு உண்டு. காட்டை வெட்டினால் இன்றே காசு. காத்தால் பயன் அயலானுக்கு. அந்நிலையில் காப்பவன் கையிலே ஏதேனும் வைத்தாலன்றிக் காடு நிலைக்காது. ஆயினும் கேட்கும் பணம் காட்டைக் காப்பதற்கே செலவாகும் என்பதற்கு உறுதி வேண்டாவா? எவ்வளவு காடு எவ்வளவு நீரைத் தருகிறது என்னும் கணக்கு இருவர்க்கும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் வரையில், இவ்வழக்கு மேடைப்பேச்சாகவே நின்றுவிடும்.

நமது முன்னோர் இதற்கொரு வழி கண்டனர் என்று உத்தரமேரூர்க் கல்வெட்டைச் சுட்டிக்காட்டுவோர் உளர். 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகளிலே, குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பெற்ற ஏரி வாரியம் கூறப்படுகிறது. ஏரியைக் காக்கத் தனிக்குழு ஒன்று வேண்டும் என்று உணர்ந்தது போற்றத்தக்கதே. ஆனால் அவ்வாரியத்திலே அமரத் தகுதி யாருக்கு இருந்தது? கால் வேலி நிலமாவது உடையவனுக்கு, வேதம் பயின்றவனுக்கு. ஏரியிலே கூடையோடு இறங்கி மண் சுமந்தவனுக்கு அங்கே இடமில்லை, பெண்ணுக்கும் இல்லை. மண் சுமந்தோரின் வழித்தோன்றல்களே பிற்காலத்தில் கங்காணியின் பின்னே கப்பலேறி இக்கெடாவுக்கு வந்து, இங்கேயும் வடிகால் வெட்டினர். இங்கேயும் நீரைப் பற்றிய முடிவுகளில் அவர்களை எவரும் கேட்கவில்லை. ஆகவே ஏரி வாரியத்தின் கருத்தைக் கொள்வோம்; அதன் வாயிலில் நின்ற காவலைத் தள்ளுவோம். நெல் உழவரும், நகரத்தாரும், தோட்டத்து மக்களும், காட்டோரத்து மக்களும் ஒருங்கே அமர்ந்து பார்க்கும் கணக்கே நீர்க்கணக்கு.

செய்யவேண்டுவது யாது?

1932-ஆம் ஆண்டில் தோன்றிய வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் மழை நிலையங்களிலே பல, தோட்டங்களின் பெயரையே தாங்கி நிற்பவை. அங்கெல்லாம் நாள்தோறும் மழையளந்தவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற கிராணிமாரே. நம்மவர் இந்நாட்டின் அறிவுக்கு ஈந்த இக்கொடையை எந்த விழாவிலும் எவரும் பேசக் கேட்டதில்லை. பேசாவிட்டாலும் போகட்டும், அழிக்காமல் இருக்கலாகாதா?

தோட்டங்கள் இன்று துண்டாடப்படுகின்றன. பால்மரம் நின்ற இடத்திலே வீட்டு வரிசைகளும் தொழிற்சாலைகளும் எழுகின்றன. நிலம் கைமாறும்போது, காரியாலயத்துக் குப்பையை அகற்றுக என்று உத்தரவு வருகிறது. அக்குப்பையிலே முதலிற் போவது மழைப் புத்தகம். எங்கள் தோட்டத்திலும் அவ்வுத்தரவு வந்தது. பழைய காகிதக்காரன் லாரியோடு வந்து நின்றான். எஞ்சியிருந்த ஏடுகளை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அங்குலத்தில் எழுதியவற்றை மில்லிமீட்டராக மாற்றி, மாதம் மாதமாகப் படியெடுத்து வருகிறேன். ஒரு தோட்டத்தின் ஏட்டைக் கொண்டு பருவநிலை மாறிற்று என்றோ மாறவில்லை என்றோ சொல்ல நான் துணியேன். மழைமானி இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கலாம். பக்கத்து மரம் வளர்ந்து மறைத்திருக்கலாம். விடுமுறை நாளில் அளக்காமல் மறுநாள் கூட்டி எழுதியிருக்கலாம். இருபது தோட்டங்களின் ஏடுகளை ஒருங்கே வைத்து ஒப்பிட்டால்தான் ஒன்றன் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கும்.

ஆதலால் பாடாங் செராய் முதல் பாலிங் வரையிலும், கூலிம் முதல் பீடோங் வரையிலும் உள்ள தோட்டங்களிலே பணிபுரியும் கிராணித் தோழர்களுக்கும், பணிபுரிந்து ஓய்ந்த பெரியோர்களுக்கும் என் விண்ணப்பம் இது. தங்கள் பண்டகசாலையிலோ, பரணிலோ, பழைய பெட்டியிலோ மழைப் புத்தகம் இருக்குமாயின் அதனை எரிக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, மூலத்தை அண்மையிலுள்ள நீர்ப்பாசன இலாகாவிடம் ஒப்படையுங்கள். மழைமானி எங்கே நின்றது, யார் அளந்தார், எந்நேரத்தில் அளந்தார் என்பதையும் நினைவிலுள்ளவரை எழுதிச் சேருங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால், பள்ளிதோறும் ஒரு மழைமானி வைத்து, பிள்ளைகளைக் கொண்டே அளக்கச் செய்யலாம். பெருஞ்செலவு ஒன்றுமில்லை. மழை பொய்த்தால் கழுதைக்குக் கல்யாணம் செய்யும் செலவிலே பத்து மழைமானி வாங்கலாம்.

சோழகங்கத்தை வெட்டியவன் பெயர் நமக்குத் தெரியும். அதைத் தூர்ந்துபோக விட்டவர் பெயர் தெரியாது. கடாரத்தின் மழைக்கணக்கைப் பொறுத்தவரையில், தூர்ந்துபோக விட்டவர் யார் என்று பின்னையோர் கேட்பாராயின், விரல் நம்மையே சுட்டும். அன்பர்கள் சிந்திப்பார்களாக, சிந்தித்தவாறே பரணையும் ஒருமுறை துழாவிப் பார்ப்பார்களாக.